மூத்தோன் முதலிடம் பிடித்த கதை

தமிழ்க் காதுக்கு ‘மூத்தோன்’ என்றால் மூத்தவன். பிரெஞ்சில் அதற்குப் பொருள் செம்மறி. போர்தோ பகுதியில் போயாக் ஊரில் இருக்கும் ஷத்தோ மூத்தோன் ரோத்ஷில்டோ, பெயரில் மட்டுமே நெடுங்காலம் மூத்தோனாக இருந்தது.

இத்திராட்சைத் தோட்டத்தை நத்தானியேல் ரோத்ஷில்ட் 1853ல் வாங்கினார். இரண்டே ஆண்டுகளில் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ ஒயின்கள் தரம் பிரிக்கப்பட்டன. மூத்தோனுக்குக் கிடைத்தது இரண்டாம் தரம். குடும்பத்துக்கு அது ஆறாத வடு.

1922ல் பொறுப்பேற்ற பிலிப்புக்கு வயது 20. அவர் முதலில் கைவைத்தது பீப்பாயில். அதுவரை ஒயினைப் பீப்பாய்களில் வாங்கிப்போன வியாபாரிகளே பாட்டிலில் அடைத்தார்கள். வழியில் என்ன கலந்தது என்பது யாருக்குத் தெரியும்? 1924 முதல் முழு விளைச்சலும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டது. பொறுப்பு மட்டுமல்ல, இடநெருக்கடியும் கூடவே வந்தது. பீப்பாய்களை வைக்க, 1926ல் நூறு மீட்டர் நீளக் கூடம் எழும்பியது.

பிறகு போர் வந்தது. யூதக் குடும்பத்தின் சொத்து பறிபோனது. பிலிப் லண்டனுக்குத் தப்பி, த கோலின் படையில் சேர்ந்தார். மனைவி எலிசபெத்தை கெஸ்டபோ கைது செய்தது. 1945ல் ராவென்ஸ்ப்ரூக் முகாமில் அவர் இறந்தார். அதே ஆண்டு விளைச்சலின் லேபிளில் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்து. அன்று தொடங்கி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஓவியரின் படம் லேபிளை அலங்கரிக்கிறது. மீரோ, ஷகால் எனப் பட்டியல் நீள்கிறது. கூலி பணமல்ல, ஒயின். 2009 விளைச்சலுக்கு வரைந்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர்.

தர உயர்வுக்கான பிலிப்பின் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1973ல் விவசாய அமைச்சராக இருந்த ஜாக் ஷிராக் ஆணையில் கையெழுத்திட்டார். மூத்தோன் முதல் தரம்! 1855 பட்டியலில் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறிய தோட்டம் இது ஒன்றுதான். அந்த ஆண்டு லேபிளில் பிக்காசோ.

1988ல் பிலிப் மறைந்தார். சிறுமியாகத் தாயைப் பறிகொடுத்த மகள் பிலிப்பீன், நாடக மேடையை விட்டுத் தோட்டத்துக்கு வந்தார். 2012ல் புதிய நொதிகலக் கூடம் திறக்கப்பட்டது. புவியீர்ப்பே பழத்தைக் கலங்களுக்குள் இறக்கும். பம்பு வைத்து அலைக்கழிப்பதில்லை. 2014ல் அவரும் மறைய, பொறுப்பு மூன்று பிள்ளைகளின் கைக்கு வந்தது.

பரம்பரைச் சொத்தைப் பூட்டிக் காத்தவர்கள் எத்தனையோ பேர். பிலிப் அதற்குத் தன் பெயரையே ஜாமீனாக வைத்தார். இரண்டாவதாக நடக்க மறுத்த செம்மறி, மந்தையின் முன்வரிசைக்கு வந்தது அப்படித்தான்.