ஈயம்: ஒரு சொல், இரண்டு உலோகங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு மாறுவோர் விற்றுச் செல்லும் பண்டங்களுக்கிடையிலும், பி.வி.கே. ஐயங்கார் சாலையையொட்டிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய ஈயச் சொம்புகள் தட்டுப்படுவதுண்டு. "பாட்டி காலத்துக் கும்பகோணம் ஈயம், ரசம் மணக்கும்" என்பதே விற்பவர் தரும் சான்றிதழ். அந்த 'ஈயம்' என்ற சொல்லை மட்டும் நம்பி எவரும் அச்சொம்பை அடுப்பில் ஏற்றலாகாது என்பதே என் வாதம்.

தமிழில் ஈயம் என்பது பொதுப்பெயர். வெள்ளீயம், காரீயம் என்று அடைகொடுத்தால்தான் உலோகம் எதுவென்று தெளிவாகும். இது நமக்கு மட்டும் உரிய குழப்பமும் அன்று. இலத்தீனில் ப்ளினி காரீயத்தைக் 'கரிய ப்ளம்பம்' என்றும் வெள்ளீயத்தை 'வெள்ளைப் ப்ளம்பம்' என்றும் குறித்தார். கன்னடத்தில் 'தவர', 'சீஸ' என இரண்டும் தனித்தனிச் சொற்கள். தவரவின் இனச்சொல்லான தகரம் தமிழிலும் வெள்ளீயத்தைக் குறித்ததுதான். இன்றோ அது கூரைத் தகட்டுக்கும் எண்ணெய் டின்னுக்கும் பெயராகிவிட்டது. அடைமொழி பேச்சில் உதிர்ந்தது, மாற்றுச் சொல் வேறு பொருளுக்குப் போயிற்று. எஞ்சியது ஈயம் ஒன்றே. மின்கருவி பழுதுபார்ப்பவர் பற்றவைக்கும் கம்பிக்கும் அதே பெயர்தான். வழக்கமான அக்கம்பியில் 63 விழுக்காடு வெள்ளீயம், 37 விழுக்காடு காரீயம்.

ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆக வேண்டியது. ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் எளிதில் உருகும், எளிதில் கலக்கும். கலப்படத்துக்கு இதைவிட வேறு தூண்டுதல் வேண்டியதில்லை. புளியிலும் தக்காளியிலும் உள்ள அமிலம் கலவையிலிருக்கும் காரீயத்தைக் கரைத்தெடுக்கும். ரசத்தின் சுவை அதைக் காட்டிக்கொடுக்காது. காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஏதும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது.

பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார் உண்டு. காரீயம் வெள்ளைத் தாளில் சாம்பல் நிறக் கோடு இழுக்கும். வெள்ளீயம் அவ்வாறு இழுப்பதில்லை. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினது 11.3. இச்சோதனைகள் அப்பட்டமான காரீயத்தை அடையாளம் காட்டும், சிறு கலப்பைக் காட்டா. பத்து விழுக்காடு காரீயம் கலந்தாலும் அடர்த்தி ஏறத்தாழ 7.6 வரைதான் உயரும். வீட்டுத் தராசில் அந்த வேறுபாடு பிடிபடுவது அரிது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியில் காரீயத்துக்கெனவே சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

"மூன்று தலைமுறை இதில்தான் ரசம் வைத்தது, யாருக்கு என்ன ஆயிற்று?" என்ற கேள்வி எழும். காரீயத்தின் பாதிப்பு மெதுவாகச் சேர்வது; பெயரிட்டுச் சொல்லத்தக்க நோயாக வராமலேயே போகக்கூடியது. யாரும் அளந்து பார்க்காத ஒன்றை நிகழவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்னொரு மறுப்பு வலுவானது: வார்ப்பவருக்கு வேறுபாடு நன்றாகவே தெரியும், எனவே சொல்லைக் குறைகூறுவது மிகை என்பது. வார்ப்பவருக்குத் தெரியும் என்பதை ஒப்புகிறேன். வாடிக்கைக் கடையில் வாங்கியவருக்கும் அந்த அறிவின் நிழல் கிடைத்தது. பழம்பொருளாகக் கைமாறும்போதோ வார்த்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. சொம்போடு பயணப்படுவது ஈயம் என்ற சொல் மட்டுமே.

வெள்ளீயக் கலவையான பியூட்டர் பாத்திரங்களுக்கு, லண்டன் கைவினைஞர் சங்கம் 1348-இலேயே கலவை விதிகளை வகுத்தது. பின்னர் செய்தவரின் முத்திரையும் கட்டாயமாயிற்று. இன்று பழைய கோப்பை ஒன்றை வாங்குபவர் அம்முத்திரையிலிருந்து தம் ஆராய்ச்சியைத் தொடங்க முடிகிறது. நம் பாத்திரங்களில் வெட்டிய பெயர் பெரும்பாலும் உடையவரைச் சொல்லும், உலோகத்தைச் சொல்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்கு 0.1 விழுக்காடு வரம்பு விதித்தது. இந்திய மின்கழிவு விதிகளும் அதே வரம்பை ஏற்றன. சுற்றுப்பலகைக்குக் கேட்கும் கணக்கை ரசச் சொம்புக்கும் கேட்பதில் என்ன தவறு? புதிதாக வார்ப்போர் வெள்ளீய விழுக்காட்டை அடியில் பொறிக்கட்டும். பழையதை விற்போர் 'வெள்ளீயம்' என்று எழுதட்டும், அதற்குச் சோதனைச் சீட்டும் தரட்டும். சீட்டு இல்லாத சொம்பு அலமாரியில் அழகாகவே இருக்கும், அங்கேயே இருக்கட்டும். அகராதி, அருங்காட்சியகக் குறிப்பு, பாடநூல் என எழுதும் நாம் இனி வெறும் 'ஈயம்' என்று எழுதுவதை விட்டுவிடலாம்.