டீசல் புல்லட் கட்டலாமா?

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் ஒன்று அண்மைக்காலமாக அடிக்கடி தலைகாட்டுகிறது. "பழைய புல்லட்டில் டீசல் எஞ்சின் போடலாமாமே, லிட்டருக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடுமாமே, உண்மையா?" காணொளி பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். உண்மைதான், போட முடியும். ஆனால் போட வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து மோட்டார். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. வடசென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் கதவு மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது.

டீசல் யோசனை பிறந்தது வட இந்தியக் கிராமங்களில். அப்போது அங்கே பெட்ரோலைவிட டீசல் மிக மலிவு. டிராக்டருக்கும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் விவசாயி வீட்டில் எப்படியும் டீசல் பீப்பாய் இருக்கும். அதே டீசலில் மோட்டாரும் ஓடினால் என்ன? பட்டறைக்காரர்கள் சிறிய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துப் புல்லட் சட்டத்தில் பொருத்தினார்கள். பிறகு நிறுவனமே இறங்கியது. 1993-இல் என்ஃபீல்டு டீசல் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. 'டாரஸ்' என்றால் பலருக்குத் தெரியும். அதில் இருந்தது 325 சிசி கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், 2000-ஆம் ஆண்டுவாக்கில் அதன் கதை முடிந்தது.

ஏன் புல்லட்டில் மட்டும் இது இவ்வளவு எளிதாக நடந்தது? பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்பெட்டி தனி. நடுவில் ஒரு சங்கிலி, ஒரு கிளட்ச். எஞ்சினை மட்டும் கழற்றிவிட்டு, கனமான இரும்புத் தகடு வெட்டி, வேறோர் எஞ்சினை அங்கே உட்கார வைக்கலாம். எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் புதிய புல்லட்டில் இந்த வித்தை எளிதில் பலிக்காது.

ஆனால் உட்கார வைப்பது பாதி வேலைதான். முதலில் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் உங்கள் மோட்டாருக்கு நான்கு ரிவர்ஸ் கியர் கிடைக்கும், முன்னால் போக ஒன்றும் இருக்காது! அடுத்து வேகம். பெட்ரோல் புல்லட் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டும். இந்த டீசல் 3,600-லேயே நின்றுவிடும். எனவே பல்சக்கரங்களின் அளவை மாற்றியாக வேண்டும். மூன்றாவது, அதிர்வு. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்ற வைக்கிறது. ஒவ்வொரு அடியும் சுத்தியல் அடி. வெல்டிங் சரியில்லை என்றால் சட்டம் விரிசல் விடும்.

இனி, என்னை இதை எழுத வைத்த இளைஞருக்கு வருகிறேன். கிள்ளானைச் சேர்ந்தவர், பொறியாளர். அப்பா விட்டுச் சென்ற புல்லட் நான்கு வருடமாகக் கார் கூடாரத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. "அண்ணே, சும்மா துருப்பிடிச்சுக் கிடக்குது. டீசல் போட்டா எண்ணெய்ச் செலவும் மிச்சம், ஊரே திரும்பிப் பார்க்கும்" என்றார். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுவாராம். வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர்.

சரி தம்பி, கணக்கைப் போடுவோம் என்றேன்.

பெட்ரோல் புல்லட் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3,000 கிலோமீட்டருக்கு 100 லிட்டர். டீசல் லிட்டருக்கு 70 என்றால் 43 லிட்டர். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது நினைவிருக்கும். அப்போது ரோன் 95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசு. அந்த விலையில் பார்த்தால் வருடத்துக்குப் பெட்ரோல் செலவு 205 வெள்ளி, டீசல் செலவு 144 வெள்ளி. மிச்சம் 61 வெள்ளி! எண்ணெய் விலை ஏறலாம், இறங்கலாம். ஆனால் எஞ்சின், தகடு, கடைசல் வேலை, வெல்டிங் என்று போடும் பணம் இந்த மிச்சத்தில் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாலை. பெட்ரோல் புல்லட் 350-இன் திறன் 18 குதிரைத்திறன். டீசலுக்கு வெறும் 6.5. நம் ஊர் 110 சிசி கப்சாய்க்குக்கூட இதைவிடத் திறன் அதிகம். அந்தக் கப்சாய் நூறு கிலோவுக்குப் பக்கம்தான், டீசல் புல்லட்டோ இருநூறு கிலோவை நெருங்கும். உச்ச வேகம் 65 கிலோமீட்டர். வயல்வெளிச் சாலைக்கு அது போதும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது போதாது. கெந்திங் மேட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. எஞ்சின் எண்ணும் எண்ணெய் வகையும் வாகனப் பதிவில் இருக்கின்றன. ஜேபிஜே அனுமதி இல்லாமல் அவற்றை மாற்றி ஓட்டினால் அபராதம் ஒரு பக்கம். விபத்து என்று வந்தால் காப்புறுதிப் பணம் கேள்விக்குறியாகிவிடும் என்பதுதான் பெரிய கவலை. எனவே பட்டறைக்குப் போகும் முன் ஜேபிஜே முகப்புக்குப் போங்கள்.

டீசல் மோட்டாரை மட்டம் தட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அமெரிக்க மரைன் படைகூட கவாசாகி கேஎல்ஆர் மோட்டாரை டீசல் எஞ்சினுக்கு மாற்றிப் பயன்படுத்தியது. காரணம், படையில் எல்லா வாகனத்துக்கும் ஒரே எண்ணெய் போதும் என்ற தேவை. பஞ்சாப் விவசாயியின் காரணமும் அதேதான். கையில் இருந்த எண்ணெய்க்கு ஏற்ற மோட்டாரைக் கட்டிக்கொண்டார்கள். நம் கையில் அந்தத் தேவை இல்லை. அவர்களுடைய விடையை மட்டும் கடன் வாங்கினால் நமக்குச் செலவுதான் மிஞ்சும்.

அந்த இளைஞரின் அம்மாவிடமும் பேசினேன். "அக்கா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவன் விருப்பம்தான் தம்பி. ஆனா சந்து முனையில அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தோசைக்கல்லை அடுப்புல வைப்பேன். அந்தச் சத்தம் போயிடுமா?" என்றார். போய்விடும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. டீசலின் ஓசை வேறு. பக்கத்தில் நின்ற மகன் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு டீசல்தான் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, அப்பா, தாத்தா ஓட்டிய வண்டியில் கை வைக்காதீர்கள். எஞ்சின் போன சட்டம் ஒன்றை முறையான பத்திரத்தோடு தேடி வாங்குங்கள். இரண்டு, சட்டத்தை வெட்டாதீர்கள். போல்ட் போட்டு மாட்டும் தகடாகச் செய்தால் நாளைக்குக் கழற்றலாம். மூன்று, எண்ணெயை நிறுத்தும் நெம்புகோல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தேய்ந்த டீசல் எஞ்சின் சில நேரம் தன் எஞ்சின் ஆயிலையே குடித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று போகும் வழியை அடைத்தால்தான் அடங்கும்.

கிள்ளான் தம்பி போன வாரம் தகவல் அனுப்பியிருந்தார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாராம். பிஸ்டன் வளையமும் பாயிண்ட் செட்டும் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். திருவொற்றியூர் புல்லட்டுக்கு உதிரிபாகம் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. பட்டியலை அனுப்பி வைத்திருக்கிறேன்.