டிக்கன்ஸின் இரக்கம் எந்தக் கரையில் நின்றது?

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 1767இல் திறக்கப்பட்ட பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கூம்பும் மண்டபமுமாக எழும்பி நிற்கும் கம்பெனிக்காரர்களின் சமாதிகளுக்கு நடுவே, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டருக்கும் ஒரு நினைவுக்கல் உண்டு. அவரைப் புதைத்தது பவானிப்பூரில். கல் மட்டும் 1987இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியால் இங்கே வந்து சேர்ந்தது.

1857 ஜூலையில், பதினாறு வயதில், கம்பெனிப் படையில் சேரக் கப்பலேறியவர் வால்டர். வட இந்தியா பற்றியெரிந்த நேரம் அது. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்தி லண்டனை உலுக்கியது. தகப்பன் பேனாவை எடுத்தார். இந்தியாவில் தாம் படைத்தலைவராக இருந்தால், அந்தக் கொடுமையின் கறை படிந்த இனத்தையே பூண்டோடு ஒழிக்கப் பாடுபடுவேன் என்று அக்டோபர் 4 அன்று தோழி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸுக்கு எழுதினார். இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட ஆலிவர் ட்விஸ்டுக்காக ஊரையே உருக வைத்த அதே பேனா!

கோபம் கடிதத்தோடு அடங்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம் இதழில், நண்பர் வில்கி காலின்ஸோடு சேர்ந்து ஒரு நெடுங்கதை வெளியிட்டார். களம் மத்திய அமெரிக்கக் கடலோரம். இந்தியா அங்கே இல்லை. ஆனால் கூட இருந்தே குழிபறித்து, ஆங்கிலேயரைக் கடற்கொள்ளையரிடம் காட்டிக்கொடுக்கும் உள்ளூர்க்காரன் யாருக்குப் பதிலாக நிற்கிறான் என்பது அன்றைய வாசகருக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

இதைச் சொன்னால் உடனே ஒரு சமாதானம் வரும்: ‘அந்தக் காலம் அப்படி.’

அதே காலத்தில்தான் காலின்ஸும் இருந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் கதையின் நடு அத்தியாயத்தை எழுதியவரும் அவரே. 1868இல் அவர் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவல், திப்பு வீழ்ந்த 1799ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டணக் கொள்ளையில் தொடங்குகிறது. ஆங்கிலேய அதிகாரி ஒருவன் ரத்தக்கறையோடு வைரத்தை எடுத்துப்போகிறான். அதை மீட்க மூன்று பிராமணர்கள் இங்கிலாந்துவரை பின்தொடர்கிறார்கள். அங்கே வைரத்தை அமுக்கிக்கொள்பவரோ, தரும காரியங்களுக்காக மேடையேறிப் பேசும் கனவான்! கடைசியில் வைரம் சோமநாதத்துக்கே திரும்புகிறது. காலின்ஸும் சொக்கத்தங்கம் அல்ல. அவருடைய இந்தியர்கள் பாதி மர்மம், பாதி பயமுறுத்தல். ஆனாலும் முதல் திருட்டு யாருடையது என்பதில் அவர் மழுப்பவில்லை. திப்புவின் குடும்பத்தையே கொண்டுவந்து வைத்திருந்த நகரம் கொல்கத்தா. அவர் மகன் குலாம் முகமது 1842இல் கட்டிய மசூதி தர்மதலாவில் இன்றும் நிற்கிறது. இந்த நாவலின் முதல் பக்கங்கள் இங்கே வேறு மாதிரிதான் ஒலிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ‘மூன்ஸ்டோன்’ தொடராக வந்தது டிக்கன்ஸ் ஆசிரியராக இருந்த இதழில்தான். 1857இல் அப்படி எழுதியவர், பதினோரு ஆண்டு கழித்து இதை அச்சேற்றினார். மனம் மாறினாரா, விற்பனைக் கணக்கா என்று தீர்ப்பு எழுதுவது வீண். டிக்கன்ஸைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்க வேண்டும் என்பதும், அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பதும் ஒரே சோம்பல்தான். கொல்கத்தாவானாலும் சென்னையானாலும், ஆங்கில இலக்கிய வகுப்பில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’டுக்குப் பக்கத்தில் அந்தக் கிறிஸ்துமஸ் கதையையும் ‘மூன்ஸ்டோ’னையும் வைக்கட்டும். மாணவர்கள் மூன்றையும் படித்துவிட்டுச் சண்டை போடட்டும்.

வால்டர் ஊர் திரும்பவில்லை. கடனும் நோயுமாக, விடுப்பில் வீட்டுக்குப் புறப்பட்டவர், 1863 டிசம்பர் 31 அன்று கொல்கத்தா ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 22. செய்தி தகப்பனை எட்டியது 1864 பிப்ரவரி 7இல். அன்று அவருக்கு 52ஆவது பிறந்தநாள்.