எஸ்எஸ்டியின் மாடலைக் கேட்டு வாங்குங்கள்

மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும்வரை எங்களுக்கு சீசன். பையன் யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, வேறு கடையில் வாங்கிய கொட்டேஷனோடு அப்பாவை அழைத்து வருவான். அந்தத் தாளில் பிராசஸர் ‘ரைசன் 5 5600ஜி’ என்று எழுத்துப் பிசகாமல் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு எந்த கம்பெனி, எத்தனை ஜிபி என்பதும் இருக்கும். கேபினெட்டில் எத்தனை கலர் ஃபேன் என்பதுகூட விட்டுப்போகாது. ஸ்டோரேஜ் வரி மட்டும் ‘எஸ்எஸ்டி 256 ஜிபி + ஹார்டு டிஸ்க் 1 டிபி’ என்று முடிந்துவிடும். என்ன கம்பெனி, என்ன மாடல் என்று ஒரு வார்த்தை இருக்காது.

குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கும் குடும்பத்தின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

எஸ்எஸ்டி யானை விலை விற்ற காலத்தில் அந்த ஜோடி சரியான யோசனை. விண்டோஸை எஸ்எஸ்டியிலும் மற்றதை ஹார்டு டிஸ்க்கிலும் போடுவோம். இன்று கேம்கள் வளர்ந்துவிட்டன. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி, ஸ்டார்ஃபீல்ட் 125 ஜிபி. இரண்டுமே எஸ்எஸ்டி கட்டாயம் என்று சொல்லித்தான் வருகின்றன. சைபர்பங்க் 2077 வெளியானபோது ஹார்டு டிஸ்க்கையும் ஏற்றுக்கொண்டது; 2023-ல் குறைந்தபட்சத் தேவையையே எஸ்எஸ்டி என்று மாற்றிவிட்டார்கள். 256 ஜிபி டிரைவ் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் போக ஒரு பெரிய கேம் ஏற்றினால் இடம் தீர்ந்தது. மிச்சமெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்குப் போகிறது.

அங்கேதான் வினை. ஹார்டு டிஸ்க் ஒரே பெரிய சினிமா ஃபைலைப் படித்தால் வினாடிக்கு 150 எம்பி கொடுக்கும். கேம் அப்படிப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை இங்கிருந்தும் அங்கிருந்தும் கேட்கிறது. உள்ளே முள் ஒவ்வொன்றையும் தேடி ஓட வேண்டும். வேகம் ஒன்றிரண்டு எம்பிக்குச் சரிந்துவிடும். கேமில் காரில் வேகமாகப் போகும்போது எதிரே உள்ள கட்டிடம் வந்து சேராமல் படம் நின்று நின்று ஓடுவது பல நேரம் இதனால்தான். பையன் கிராபிக்ஸ் கார்டு போதவில்லை என்று நினைக்கிறான். அப்பாவிடம் இன்னும் பணம் கேட்கிறான். எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் எகிறும் என்று சொல்லி விற்பவர்களையும் நம்பாதீர்கள். லோடிங் நேரம் குறையும், இந்தத் திக்கல் குறையும். அதுவே போதுமான காரணம்.

எதிர்ப்பக்கத்திலும் பணம் வீணாகிறது. வினாடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் போட்ட ஜென் 4 என்விஎம்இ டிரைவைக் கேட்டு வருகிறார்கள். கையில் இருப்பது 5600ஜி. அந்த பிராசஸர் பிசிஐஇ 3.0-ஐ, அதாவது ஜென் 3-ஐத் தாண்டாது, எந்த டிரைவைச் செருகினாலும் சுமார் 3,500-தான். அதுவும் பெரும்பாலான கேம்களுக்குத் தாராளம். 550 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இ-க்கும் கேம் திறப்பதில் வித்தியாசம் பல நேரம் ஒன்றிரண்டு வினாடிதான். அந்தக் காசை வேகத்தில் போடாமல் இடத்தில் போடுங்கள். 256 வேண்டாம், ஹார்டு டிஸ்க்கும் வேண்டாம். ஒரே ஒரு 1 டிபி என்விஎம்இ போதும் என்பதே என் கட்சி.

அதிலும் உள்ளே இருக்கும் மெமரி சிப் டிஎல்சியா, கியூஎல்சியா என்று கேட்க வேண்டும். கியூஎல்சி விலை குறைவு. ஒரு செல்லில் நான்கு பிட்டைத் திணிப்பதால் எழுதும் வேகம் அடிபடும். பெயர் தெரியாத 512 ஜிபி டிரைவ் ஒன்றில் 100 ஜிபி கேம் ஃபோல்டரைக் காப்பி செய்து பார்த்தேன். விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடம் தொடக்கத்தில் உச்சியில் நின்றது. பாதி தாண்டியதும் செங்குத்தாக இறங்கி 80 எம்பியில் படுத்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கே அதைவிட வேகமாக எழுதும். படிப்பதில் அவ்வளவு குறை தெரியாது என்பதால் கியூஎல்சியை ஒதுக்கவே வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கியூஎல்சி என்று சொல்லி, கியூஎல்சி விலைக்கு விற்கட்டும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. பல 1 டிபி டிஎல்சி டிரைவ்களுக்கு 600 டிபி எழுதும்வரை கம்பெனியே உத்தரவாதம் தருகிறது. தினமும் 100 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 16 ஆண்டாகும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வெளியில் ‘புதிது’ என்று வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று சர்வீஸுக்கு வந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அதிலிருந்த ஹார்டு டிஸ்க் 30,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. இரவும் பகலும் மூன்று வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய கணக்கு. சிசிடிவி ரெக்கார்டரில் கிடந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். பில்லில் ‘1 டிபி எச்டிடி’ என்று மட்டும் இருந்தது. அந்தத் தகப்பனார் யாரிடம் போய் என்னவென்று கேட்பார்?

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து எஸ்எஸ்டி விலை ஏறிவிட்டது. 1 டிபி கட்டுப்படியாகவில்லை என்றால் நல்ல 500 ஜிபி டிஎல்சி ஒன்று வாங்கி, மதர்போர்டில் இன்னொரு டிரைவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோ, சினிமா, கல்லூரி நோட்ஸுக்கு வீட்டிலிருக்கும் பழைய ஹார்டு டிஸ்க் உதவும். கலர் ஃபேன் இரண்டைக் குறைத்தால் அந்தப் பணமும் டிரைவுக்கு ஆகும்.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: கொட்டேஷனில் டிரைவின் கம்பெனியையும் மாடலையும் எழுதுங்கள், பில்லில் சீரியல் நம்பரைப் போடுங்கள். வாரன்டிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். பெற்றோர்களே, மாடலை எழுதித் தர மறுக்கும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.