அதிகம் ஒலித்த பாடலும் ஆழ்ந்து கேட்ட பாடலும்

கடந்த ஒரு மாதத்தில் எந்தப் பாடலை எத்தனை முறை கேட்டார் என்னும் பட்டியலைக் கைப்பேசிச் செயலிகள் இன்று இசை ரசிகர் ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றன. பெருமிதத்தோடு பகிரப்படும் இப்பட்டியலை ரசனையின் சான்றாகக் கொள்ளும் போக்கு ஆய்வுலகிலும் வளர்ந்து வருகிறது. அதற்கு முன், இப்பட்டியல் உண்மையில் எதை அளக்கிறது என்று வினவுவது முறை. அவ்வினாவுக்கு விடை தேட, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அம்பூரியும் அதன் சுற்றுப்புறமும் பொருத்தமான களம்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அம்பூரி, பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்தில் நின்றது. ஆயினும் இசை அந்த எல்லைக்குக் கட்டுப்படவில்லை. திருவனந்தபுரத்தில் பிறந்த சித்ரா, தமிழ்ப் படமான 'சிந்து பைரவி'யில் பாடித் தேசிய விருது பெற்றார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவருக்குத் தாய்மொழி ஒன்றை மட்டுமே பதிகிறது. எல்லையோர ரசிகர் ஒருவரின் மாதப் பட்டியலிலோ தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து அமரக்கூடும். இவ்வகையில் அப்பட்டியல் மதிப்புள்ள ஆவணமே. சிக்கல் அதன் அலகில் இருக்கிறது.

ஸ்பாட்டிஃபை செயலியில் ஒரு பாடல் 30 நொடிகள் ஒலித்தாலே அது ஒரு முறை கேட்டதாகக் கணக்காகிறது. மூன்று நிமிடத் திரைப்பாடலுக்கும், ஆலாபனையும் நிரவலும் சுரமுமாக முக்கால் மணி நேரம் விரியும் ஒரு கிருதிக்கும் மதிப்பு ஒன்றே. ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒரே ராகத்தில் தோய்ந்தவரின் கணக்கில் ஒன்று ஏறும். பேருந்துப் பயணத்தில் ஒரே பாடலைச் சுழலவிட்டு உறங்கிப்போனவரின் கணக்கில் இருபது ஏறும். எண்ணும் முறையே குறும்பாடலுக்குச் சாதகமாக இருக்கையில், அதில் வெளிப்படுவது ரசிகரின் விருப்பம் மட்டுமன்று.

1924இல் பாறசாலையில் பிறந்து 2021இல் மறைந்த கர்நாடக இசைக் கலைஞர் பாறசாலை பி. பொன்னம்மாளை இங்கு நினைவுகூரலாம். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற நெடுங்கால வழக்கம் 2006இல் அவரது கச்சேரியால் முடிவுக்கு வந்தது. அவ்விழாவுக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி சிலை களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியே ஆண்டுதோறும் ஊர்வலமாகச் செல்கிறது. ஒன்பது மாலைகளுக்கும் சுவாதித் திருநாளின் கிருதிகள் நாளுக்கு ஒன்றென வகுக்கப்பட்டுள்ளன. அந்த நாளுக்கு உரிய கிருதியை அங்கே கேட்க மீண்டும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பெரிய வாரத்தில் சிரியன் கிறித்தவ இல்லங்களில் பாடப்படும் புத்தன் பானையும் அத்தகையதே. ஆண்டுக்கொரு முறை என்பதே இப்பாடல்களின் கனம். மாதக் கணக்கிலோ அது வெறும் இன்மையாகிவிடுகிறது.

அம்பூரியை அடுத்த மலைகளில் வாழும் காணிக்காரர்களின் சாற்றுப்பாட்டு இந்தக் கணக்கிலிருந்து இன்னும் தொலைவில் நிற்கிறது. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி எழுப்பும் ஒலியோடு, நோய் தீர்க்கும் சடங்கில் பாடப்படுவது அது. பாடுபவர், நோயுற்றவர், சூழ்ந்திருப்போர் ஆகிய மூவரும் கூடினால்தான் அது பாட்டு. அதைக் கேட்டவரின் கைப்பேசியில் ஒரு தடயமும் எஞ்சாது.

கணக்கில் வாராதவை கணக்கில் வாராமலே இருந்துவிட்டால் தீங்கில்லை எனலாம். ஆனால் அந்த எண்ணிக்கையே அடுத்து எந்தப் பாடலைப் பரிந்துரைப்பது என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. வருவாயும் அதன் விகிதத்திலேயே பங்கிடப்படுகிறது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை உரிமைத்தொகை வழங்குவதில்லை. சிற்றூர்க் கலைஞர் ஒருவர் தம் பாட்டைப் பதிவேற்றினாலும், ஓராண்டில் அது சில நூறு முறையே கேட்கப்பட்டால் அவருக்கு அங்கே அத்தொகை கிட்டாது. பலரும் கேட்டதே மீண்டும் பலரிடம் சேர்கிறது. அந்தச் சுழலின் முடிவை மக்களின் ரசனை என்று ஆய்வேட்டில் எழுதுவது, அளவுகோலின் சாய்வுக்கு ஆய்வாளரே சான்றளிப்பதாகும்.

பட்டியலை ஒதுக்க வேண்டியதில்லை. களப்பணிக்குச் செல்லும் மாணவர், ரசிகரிடம் அதைப் பெற்றுக்கொள்ளட்டும். எத்தனை முறை என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் குறிக்கட்டும். பின், அம்மாதத்தில் கைப்பேசிக்கு வெளியே, கோயிலில், தேவாலயத்தில், துக்க வீட்டில், யாருடன் எதைக் கேட்டீர்கள் என்று வினவி, அந்த விடையை இரண்டாவது பட்டியலாக எழுதட்டும். இரண்டையும் அருகருகே வைத்த பிறகே ஒருவரின் ரசனையைப் பற்றிப் பேச முடியும். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த மொழியில், கேட்டலை எண்ணிக்கைக்குள் சுருக்கிவிடுவது பொருந்தாது.