ஆய்வு மாணவர்களைத் தனியே விடலாமா?

வீட்டில் முதல் பட்டதாரி. முதுகலையும் முடித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறான். தெருவே பெருமைப்படுகிறது. "எப்பப்பா டாக்டர் ஆகப்போற?" என்று கடையில் உட்கார்ந்தபடி கேட்கிறோம். மாணவி என்றால் "கல்யாணம் எப்போது?" என்பதும் சேர்ந்துகொள்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டோமா?

இளங்கலை மாணவனுக்கு வகுப்பு உண்டு, நண்பர் கூட்டம் உண்டு, மூன்றாண்டில் விடுதலையும் உண்டு. ஆய்வு மாணவனுக்கோ ஐந்தாறு ஆண்டுகள் நெறியாளர் ஒருவரே எல்லாம். அவர் கையெழுத்திட்டால்தான் உதவித்தொகை. அவர் மனம் வைத்தால்தான் ஆய்வேடு நகரும். அவர்மீதே குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பணமும் நின்றுபோனால்? 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. சிறுபான்மை ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே அறிவித்தது. ஏற்கெனவே பெற்றுவந்தோருக்குத் தர வேண்டியதும் 2025ல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அறை வாடகைக்குக் கடன், மெஸ்ஸுக்குக் கடன். இந்த நிலையில் உள்ளவனிடம் 'தைரியமாக இரு' என்று உபதேசம் செய்து என்ன பயன்?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. நூறு மாணவர்களுக்குக் குறையாத ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறியவை வெளியில் உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்த வெளித்தொடர்பு பெரிய கல்லூரிகளுக்கும் தேவை என்பதே நமது கருத்து. கல்லூரியே சம்பளம் தந்து, முதல்வர் அறைக்கு எதிரே உட்காரவைக்கும் ஆலோசகரிடம் எந்த மாணவன் வாய் திறப்பான்? மருந்து தேவைப்பட்டால் ஆலோசகரால் எழுதித் தரவும் முடியாது.

திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரிக்கும் அப்படியே. இவை மனநலப் பிரிவோடு எழுத்துப்பூர்வமாக உடன்பாடு செய்துகொள்ளட்டும். வாரம் ஒருநாள் மருத்துவர் வளாகத்துக்கு வரட்டும். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, மாணவன் சொன்னது நெறியாளர் காதுக்குப் போகக் கூடாது. நெறியாளர் மீதான புகாரை வேறு துறையினர் விசாரிக்க வேண்டும். சிகிச்சைக்காக விடுப்பு எடுத்தால் உதவித்தொகை அறுபடக் கூடாது. நம் கல்லூரிகள் செய்துகாட்டிவிட்டு, பிறகு அரசுப் பல்கலைக்கழகங்களின் வாசலில் போய்க் கேட்போம்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் அள்ளித் தருகிறீர்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஆய்வு மாணவருக்கு வட்டியில்லா அழகிய கடன் தர ஒரு நிதி தொடங்குங்கள். பணம் வந்ததும் திருப்பித் தந்துவிடுவார்கள். நிர்வாகக் குழுக்களில் நீங்கள்தானே இருக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள்.

அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இன்றே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.