எல்லாவற்றையும் குளோபலில் போட்டால் போதுமா?

சி லேப் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் பல நோட்டுகளில் ஒரே காட்சிதான். 'மெயின்' தொடங்குவதற்கு முன்பே மார்க் அரே, டோட்டல், 'ஐ', 'ஜே' எல்லாம் மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால், "எல்லா ஃபங்ஷனும் எடுத்துக்கலாமே!" என்று பதில் வரும். ப்ரோக்ராம் ஓடுகிறது, மார்க்கும் விழுகிறது. பிறகு யார் மாற்றப் போகிறார்கள்?

இந்த 'ஐ' செய்யும் கூத்தைப் பாருங்கள். 5 மாணவர்கள், ஆளுக்கு 3 பாடம். மெயினில் 'ஐ' 0 முதல் 4 வரை ஓடி, ஒவ்வொரு முறையும் மார்க் வாங்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அந்த ஃபங்ஷனும் அதே குளோபல் 'ஐ'யை வைத்து மூன்று முறை சுற்றினால், வெளியே வரும்போது 'ஐ' 3. மெயின் ஒன்று கூட்டினால் 4. அடுத்த முறையும் 3, மறுபடியும் 4. 5 வரவே வராது! ப்ரோக்ராம் நிற்காமல் மார்க் கேட்டுக்கொண்டே இருக்கும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சரியல்ல. பாயிண்டர் பயம்தான் காரணம். பாலகுருசாமியின் 'புரோகிராமிங் இன் ஆன்சி சி' புத்தகத்தில் ஃபங்ஷன் முதலில் வருகிறது, பாயிண்டர் பின்னால்தான் வருகிறது. கனேட்கரின் 'லெட் அஸ் சி' பழைய பதிப்புகளில் இரண்டும் ஒரே அத்தியாயம். அதுதான் சரியான வரிசை.

மாதவரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். சாதாரண இன்ட்டை ஃபங்ஷனுக்கு அனுப்புவது பில்லின் ஜெராக்ஸைக் கொடுப்பது மாதிரி. அதில் என்ன கிறுக்கினாலும் ஒரிஜினலுக்கு ஒன்றும் ஆகாது. அரே அப்படியல்ல. குடோன் சரக்கு முழுவதையும் யாரும் லாரியில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்டுவதில்லை, குடோன் விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டோடு போகிறவர் மூட்டையை மாற்றி வைத்தால் உண்மையான சரக்கே மாறிவிடும். மாற்றக்கூடாது என்றால் 'கான்ஸ்ட்' போடவேண்டும்.

சீட்டில் விலாசம் மட்டும்தான் இருக்கும், எத்தனை மூட்டை என்று இருக்காது. 10 இன்ட் கொண்ட அரேக்கு, இன்றைய 64 பிட் கம்ப்யூட்டரில் மெயினுக்குள் 'சைஸ்ஆஃப்' 40 என்று சொல்லும். ஃபங்ஷனுக்குள் 8 என்று சொல்லும், ஏனென்றால் அங்கே இருப்பது பாயிண்டர். அதை இன்ட்டின் அளவான 4-ஆல் வகுத்தால் 2. பத்து எண்ணில் இரண்டை மட்டும் கூட்டிவிட்டு ப்ரோக்ராம் சமர்த்தாக முடிந்துவிடும். அதனால் எண்ணிக்கையையும் தனியாக அனுப்பியே ஆகவேண்டும்.

"லேப் ப்ரோக்ராமுக்கு இவ்வளவு எதற்கு?" என்பார்கள். வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் குளோபல் வேரியபிள் கெடுதல் என்று கட்டுரை எழுதியது 1973-ல். நாற்பது வருடம் கழித்து, 2013-ல், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா கேம்ரி வழக்கு நடந்தது. 2007-ல் கார் கட்டுப்பாடின்றிப் பாய்ந்து ஒரு பெண் இறந்த வழக்கு அது. அந்தக் காரின் த்ராட்டில் மென்பொருளில் 10,000-க்கும் மேற்பட்ட குளோபல் வேரியபிள்கள் இருந்ததாக நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். (குற்றச்சாட்டு அது ஒன்று மட்டுமல்ல, ஆனால் அதுவும் ஒன்று.) ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

குளோபலே கூடாது என்பதில்லை. மைக்ரோகன்ட்ரோலரில் இன்டரப்ட் ரொட்டீனுக்கு ஆர்கியுமென்ட் அனுப்ப வழியில்லை, அங்கே அது வேண்டும். மாணவர் மார்க் லிஸ்டுக்கு வேண்டாம். வைவாவில் "அவுட்புட் வந்ததா?" என்று கேட்பதோடு, "இந்த அரே உன் ஃபங்ஷனுக்குள் எப்படிப் போனது?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டால் ரெக்கார்டு நோட்டு தானாக மாறும்.